உறைக்குள் பூத்த துரு

சனிக்கிழமை காலை, செங்கல்வராயன் தோசைக்குக் காத்திருந்த நேரத்தில், ஒரு பெண் கையில் கத்தியோடு வாசலில் வந்து நின்றாள். கத்தி துண்டில் சுற்றியிருந்தது. ஆனால் உள்ளே இருப்பது என்ன என்பதை மறைக்கும் அளவுக்குத் துண்டு பெரியதாக இல்லை. கதவைத் திறந்த மைத்துனன் பாபு, "மாமா, உங்களத்தான் தேடிக்கினு வந்துகிறாங்க" என்று பெருந்தன்மையோடு ஒதுங்கி வழிவிட்டான்.

செங்கல்வராயன் கொரட்டூர்க்காரர், ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்த லாரி தானாக எரிந்ததா, எரிவதற்கு யாராவது ஒத்தாசை செய்தார்களா என்று பார்த்துச் சொல்லியே தலை நரைத்தவர். அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும், எது கெட்டுப்போனாலும் இன்னும் அவரிடம்தான் வருகிறார்கள். பாபுவுக்கு அம்பத்தூரில் செல்போன் கடை. கடையைவிட மாமாவின் வழக்குகளில் அக்கறை அதிகம். எந்த வழக்கானாலும் காபி ஆறுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவான். உண்மையில் செய்தவர் வேறு ஆளாகப் போய்விடுவது அவன் துரதிர்ஷ்டம்.

வந்தவள் பெயர் ஷாகிதா. வீடு கரையான்சாவடி. மெக்கானிக்கல் படித்துவிட்டு, அண்ணன் முஸ்தகீமுடன் திருமழிசை எஸ்டேட்டில் கத்திப் பட்டறை தொடங்கியிருக்கிறாள். மடக்குக் கத்தி அல்ல. காட்டுக்குப் போகிறவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நிலைக் கத்தி.

"சார், நான் போலி இரும்பு விக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. நாளைக்குச் சாயந்தரம் மீட்டிங். அங்க முடிவாயிட்டா, பட்டறைய மூடிட்டுப் போகவேண்டியதுதான்" என்றாள். அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள்.

விஷயம் இதுதான். அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 'கானகத் தடம்' என்றொரு மலையேற்றக் குழு இயங்கிவந்தது. உறுப்பினர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். அதன் தலைவர் ஸ்ரீநாத், வனத்தில் தனியே மாட்டிக்கொண்டால் உயிர் பிழைப்பது எப்படி என்று மாதம் ஒருமுறை சொற்பொழிவு ஆற்றுகிறவர். அவர் தனியே மாட்டிக்கொண்ட ஒரே இடம் அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கத்தி வாங்குவது என்று முடிவானது. இரண்டு மாதிரிகள் வந்தன. ஷாகிதாவுடையது ஒன்று. அதே குடியிருப்பில் வசித்துக்கொண்டு வெளிநாட்டுச் சரக்கை வரவழைத்து விற்கும் கிரணுடையது மற்றொன்று.

கிரணின் கத்தி ஸ்டெயின்லெஸ். முகம் பார்க்கலாம். வழுவழுப்பான கைப்பிடி, சூட்டில் வார்த்த பிளாஸ்டிக் உறை, செருகினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். ஷாகிதாவின் கத்தி கார்பன் ஸ்டீல். காட்டில் கிடைக்கிற கல்லில் தேய்த்தாலே கூர் ஏறும் என்பது அவள் கட்சி. தோல் உறை. கைப்பிடிக்கு மரம் வேண்டாம், மழையில் ஊதும் என்று, பழைய கைலித் துணியை அடுக்கடுக்காக எப்பாக்ஸிப் பசையில் நனைத்து, அழுத்திக் கட்டையாக்கிச் செதுக்கியிருந்தாள். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் தெரிந்தது. ஈரக் கையிலும் வழுக்காது.

ஸ்ரீநாத் இதற்கு ஒரு பரிசோதனை வகுத்தார். இரண்டு கத்திகளும் உறைக்கு வெளியே, எண்ணெய் தடவி, குடியிருப்புச் சங்கத்து அறைக் கண்ணாடி அலமாரியில் மழைக்காலம் வரை இருக்கவேண்டும், யாரும் தொடக்கூடாது. "நான் தரவுகளை மட்டுமே நம்புகிறவன்" என்று அலமாரியின் மேல் அச்சடித்து ஒட்டவும் செய்தார். போன வாரம் உறுப்பினர்கள் முன்னிலையில் அலமாரியைத் திறந்தபோது இரண்டும் உறைக்குள் இருந்தன. உருவினார்கள். கிரணுடையது பளபளத்தது. ஷாகிதாவுடையது துருப்பிடித்திருந்தது. அன்று மாலையே ஸ்ரீநாத் வாட்ஸ்அப்பில், 'போலி எஃகு: ஓர் ஆய்வு' என்ற தலைப்பில், நெருக்கத்தில் எடுத்த படங்களோடு ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அது ஆவடி, பூந்தமல்லி என்று மற்ற குழுக்களுக்கும் பரவி, ஷாகிதாவிடம் கத்தி சொல்லிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறார்கள்.

"கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்காதுன்னு நான் சொல்லவே இல்ல சார். எண்ணெய் போட்டு வெளிய வெச்சா இப்படிப் பிடிக்காதுன்னுதான் சொல்றேன். எவனோ கை வெச்சிருக்கான்."

செங்கல்வராயன் துண்டைப் பிரித்து, கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அலகின் இரு புறமும் கூரிலிருந்து பாதி உயரம் வரை கறுத்த சாம்பல் நிறக் கறை, அலை மாதிரி வளைந்து நின்றிருந்தது. அதற்கு மேலே, ஒரு பக்கத்தில் மட்டும், மூன்று செம்பழுப்புத் திட்டுகள். வட்டமானவை. ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருந்தன.

பாபு உறையை மோந்து பார்த்தான். "ஊறுகா ஜாடி மாதிரி கீது மாமா. கிரண் உப்புத் தண்ணி ஊத்திகிறான். முடிஞ்சிது கேஸ்."

"உப்புத் தண்ணி ஊத்தினா, மூணே மூணு பொட்டா நின்னுடுமா? துரு தானா வந்தா இப்படி அளவெடுத்துக்கிட்டு வராது, பாபு." அவர் கத்தியை மறுபடி சுற்றினார். "அந்த இன்னொரு கத்தியப் பார்க்கணும்."

"அதுக்குத்தான் ஒண்ணுமே ஆவலியே?"

"அதனாலதான்."

பாபுவின் பைக்கில் கிளம்பினார்கள். முகப்பு விளக்கின் மேல் காய்ந்து வெளுத்த மஞ்சள் பொட்டு இன்னும் இருந்தது. "வண்டியக் கழுவறதே இல்லியா நீ?" என்று கேட்டவர், ஏறாமல் அந்தப் பொட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் பூஜை போட்டதற்கப்புறம் மழை பெய்யவில்லை, தானாகப் போய்விடும் என்றிருந்தேன் என்பது பாபுவின் விளக்கம்.

குடியிருப்பின் கேட்டில் கட்டிய வாழைக்கன்றுகள் காய்ந்து சருகாகித் தொங்கின. அலமாரிச் சாவி செக்யூரிட்டி அறை ஆணியில் மாட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. மலையேற்றக் குழுவின் செயலாளர் ஜெயராமன், கத்தி வாங்குவதே வெட்டி வேலை, மலையில் நாம் பிஸ்கட் பாக்கெட்டைத் தவிர எதையும் வெட்டியதில்லை என்றார். ஆக, பாபுவின் பட்டியலில் அவரும் சேர்ந்தார். கிரண், தன் கத்தியே தன்னைப் பற்றிப் பேசும் என்றான். ஸ்ரீநாத் எஃகின் மூலக்கூறு அமைப்பைப் பற்றி நின்றபடியே பேசினார். அலமாரியைத் தொட்டீர்களா என்று கேட்டதற்கு, தன் பரிசோதனையைத் தானே கலைக்கிற ஆள் தான் இல்லை என்றும், இரண்டு கத்தியாலும் இதுவரை ஒரு நூலைக்கூட அறுத்ததில்லை என்றும் சொன்னார். சடங்கு, சகுனம் எதிலும் நம்பிக்கையற்றவர் என்பதை யாரும் கேட்காமலே சேர்த்துக்கொண்டார்.

செங்கல்வராயன் கிரணின் கத்தியை உருவவில்லை. உறையின் வாயை மட்டும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்பின் உள்பக்கம் மஞ்சளாக ஒரு தீற்றல். நகத்தால் சுரண்டி, பாபுவின் மூக்கருகே நீட்டினார்.

"சந்தனம்" என்றான் பாபு, குழப்பத்தோடு.

கீழே வரும்போது ஸ்ரீநாத்தின் புதுக் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கார் சுத்தமாகத்தான் இருந்தது. நம்பர் பிளேட்டின் எழுத்திடுக்கில் மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது. ஆனால் அந்தப் பார்க்கிங்கில் இருந்த வண்டிகளில் பாதிக்கு அப்படி இருந்தது. அதை வைத்து ஒருவரையும் பிடிக்க முடியாது.

மறுநாள் மாலைக் கூட்டத்துக்கு அவர் வெறும் கையோடு வரவில்லை. ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். ஷாகிதாவும் முஸ்தகீமும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய கறை படிந்த கத்தி மேஜை மேல் துண்டோடு இருந்தது. அதன் பக்கத்தில் கிரணின் கத்தி.

வெயிலில் வந்தது தாகமாக இருக்கிறது, ஆளுக்கு ஒரு பழம் அறுத்துக் கொடுத்தால் ஜூஸ் போடலாம் என்றார் செங்கல்வராயன். துரு இல்லாத கத்தியையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஸ்ரீநாத்தின் வீட்டிலிருந்து சர்க்கரையும் டம்ளரும் வருவதாக ஏற்பாடு.

ஜெயராமன் பழத்தை வைத்து நேராக அழுத்தினார். தோல்மேல் அலகு வழுக்கி, பழம் உருண்டோடி முஸ்தகீமின் காலடியில் நின்றது. சிரிப்பு எழுந்தது. கிரண் தன் கத்தியை வாங்கி, வித்தை காட்டுகிறவன் போல ஓங்கி அழுத்தினான். அவன் பழமும் ஓடியது. தன் சரக்கால் அவன் எதையும் அறுத்துப் பார்த்ததில்லை என்பது தெளிவாயிற்று.

ஸ்ரீநாத் வாங்கினார். எஃகைப் பற்றிப் பேசிக்கொண்டே, கத்தி முனையால் பழத்தில் முதலில் ஒரு குத்துக் குத்தி, அந்த ஓட்டையிலிருந்து ரம்பம் போல அறுத்து, இரண்டாக்கிவிட்டார்.

"போதும் சார்" என்றார் செங்கல்வராயன். "மத்த ரெண்டு பேரும் புதுக் கத்தி, நல்லா வெட்டும்னு நம்பி அழுத்தினாங்க. நீங்க மட்டும் இது வெட்டாதுன்னு தெரிஞ்சு குத்தினீங்க. ஒரு நூலைக்கூட அறுத்ததில்லன்னு சொன்னீங்களே, இது வழுக்கும்னு எப்பத் தெரிஞ்சுது?"

ஸ்ரீநாத், அது பொது அறிவு என்றார். தரவு எங்கே என்றும் கேட்டார்.

"தரவுதானே? சொல்றேன்." செங்கல்வராயன் துண்டைப் பிரித்தார். "கெடுக்கணும்னு நினைக்கிறவன் ஒரு கத்தியத்தான் தொடுவான். இங்க ரெண்டையும் தொட்டிருக்காங்க. இதுல மூணு பொட்டுத் துரு. அதோட உறை வாயில சந்தனம். ஆயுத பூஜைக்கு ரெண்டுக்கும் பொட்டு வெச்சு, ஈரம் காயறதுக்குள்ள உறையில போட்டுட்டாங்க. பிளாஸ்டிக் உறை இறுக்கம். சந்தனத்த வாசல்லயே வழிச்சுடுச்சு. தோல் உறை உறிஞ்சி, ஈரத்தோட இரும்பு மேலயே ஒத்தி வெச்சுது. சரி, பொட்டு மூணுதான். பாதி அலகு ஏன் கறுத்தது? கார் பூஜைக்கு எலுமிச்சம்பழம் வெட்டணும். முதல்ல பளபளக்கிற கத்தி. வழுக்கிடுச்சு, குத்திப் பார்த்து அலுத்துப்போச்சு. அப்புறம் இத எடுத்தா, ஒரே அழுத்துல ரெண்டாச்சு. துடைக்காம உறைக்குள்ள போயிடுச்சு. புளிப்புப் பட்டா கார்பன் ஸ்டீல் கறுக்கும். போலியா இருந்தாலும் கறுக்கும், நிஜமா இருந்தாலும் கறுக்கும்."

"பூஜையா? எங்கள் வீட்டிலா?" என்று ஸ்ரீநாத் தொடங்கிய நேரத்தில், அவர் மனைவி சரசா டம்ளர் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டை வைக்க இடம் தேடியவள் கண்ணில் கைலிக் கட்டம் போட்ட கைப்பிடி பட்டது.

"அட, நம்ம கார் பூஜைக்கு நீங்க கொண்டாந்த கத்தி இல்ல இது? என்ன கூரு! எங்க வாங்கினீங்கன்னு கேட்டேன், நீங்கதான் சொல்லவே இல்ல."

பாபுவுக்கு வந்த சிரிப்பு இருமலாக மாறி வெளியேறியது. ஜெயராமன் கூரையைப் பார்த்தார்.

ஸ்ரீநாத் இந்த முறை மூலக்கூறு பக்கம் போகவில்லை. தாழ்ந்த குரலில், புதுக் கார், ஆயுத பூஜை, கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் என்று இருந்தது அலமாரியிலிருந்த அந்த ரெண்டும்தான் என்றார். துருவைப் பார்த்ததும் பயம் வந்ததாம். எல்லோர் முன்னாலும் பொட்டு வைத்த கதையைச் சொல்வதைவிட, எஃகின் மேல் பழி போடுவது சுலபமாக இருந்ததாம்.

"பூஜை பண்ணினது தப்பில்ல சார். நானும் வருஷா வருஷம் பண்றேன்" என்றார் செங்கல்வராயன். "துடைக்காதது கவனக்குறைவு. இந்தப் பொண்ணு பேரக் கெடுத்தது மட்டும்தான் தப்பு. அந்த ஆய்வுக் கட்டுரை எவ்வளவு நீளமோ, அதே நீளத்துக்கு இதையும் எழுதுங்க. அது எங்கெல்லாம் போச்சோ, அங்கெல்லாம் போகணும்."

அங்கேயே எழுதினார். பாபு பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணாத்தே, 'சூழ்நிலை காரணமாக'ன்னு கீது பாரு, அத்த எடு. 'நான்'னு போடு" என்று திருத்தம் சொன்னான். செய்தி போன சற்று நேரத்தில் ஷாகிதாவின் போன் அதிர்ந்தது; ஆவடிக் குழுவிலிருந்து. அவள் எடுக்கவில்லை, அண்ணனிடம் காட்டினாள். முஸ்தகீம் அன்று முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

ஜெயராமன் எழுந்து, எலுமிச்சம்பழத்தின் தீர்ப்பே தனக்கும் தீர்ப்பு, கார்பன் ஸ்டீல் கத்தியையே எல்லோருக்கும் வாங்கலாம் என்றார். கைகள் உயர்ந்தன.

"செஞ்சு தரேன். ஆனா உங்களுக்குக் கார்பன் ஸ்டீல் தரமாட்டேன்" என்றாள் ஷாகிதா. "நல்ல ஸ்டெயின்லெஸ் போட்டு, நானே கூர் வெச்சுத் தரேன். கைப்பிடி அதே கைலி. உறை பிளாஸ்டிக்."

ஸ்ரீநாத் நிமிர்ந்தார். கார்பன் ஸ்டீலும் தோலும்தான் காட்டுக்குச் சிறந்தது என்று அவள்தானே வாதாடினாள் என்று கேட்டார்.

"காட்டுக்கு அதுதான் சார். ஆனா கத்தி காட்டுல இருக்கறது கொஞ்ச நாள். மிச்ச நாளெல்லாம் உங்ககூடத்தான இருக்கணும்?"

சரசா இதற்குள் கறை படிந்த கத்தியை எடுத்து, மிச்சமிருந்த பழங்களை மளமளவென்று வெட்டிப் பிழிந்துவிட்டாள். இது யாருக்கும் வேண்டாமென்றால் தன் சமையலறைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஷாகிதாவைக் கேட்டாள். ஷாகிதா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரசா அலகைத் தண்ணீரில் அலசி, முந்தானையில் இரு புறமும் அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "தேங்காய் எண்ணெய் போட்டா போதுமா?" என்றாள்.

"போதும்க்கா. எடுத்துக்கோங்க" என்றாள் ஷாகிதா. தோல் உறையைக் கொடுக்கவில்லை. தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.