திருநீறும் கைமுறுக்கும்

செலினுக்குக் கோபம் என்றால் கோபம், அப்படி ஒரு கோபம்! மூக்கு நுனிகூடச் சிவந்துவிட்டது.

"யாருடி உன்னைத் தொடைக்கச் சொன்னது?"

சௌமியா ஈரக் கைக்குட்டையோடு திருதிருவென்று விழித்தாள். "நெத்தியில கரி அப்பியிருந்துச்சு புள்ள. கிளாஸ்ல சிரிப்பாங்களேன்னு தொடச்சேன்."

கரியாம், கரி! அன்று திருநீற்றுப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். விடியற்காலையில் செலின் அப்பாவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். "நீ மண் என்பதை மறவாதே" என்று சொல்லி, ஃபாதர் அவள் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைந்தார்.

அது ஏதோ அடுப்புச் சாம்பலா என்ன? போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று செலின் பிடித்துப் போன ஓலையையும் சேர்த்து எரித்தது! அவள் எழும் முன்பே அம்மா தறிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அம்மாவிடம் காட்டலாம் என்று செலின் முகம்கூடக் கழுவவில்லை. எல்லாம் போச்சு.

"இனி உங்கூடப் பேச மாட்டேன், போ!"

மத்தியானம் மணி அடித்ததும் சௌமியா வீட்டுக்கு ஓடினாள். அவள் வீட்டில் முறுக்குச் சுற்றுவதுதான் தொழில். மூச்சு வாங்கத் திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"இந்தா. இப்பத்தான் சுட்டது."

வாசனை மூக்கைத் துளைத்தது. செலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம்."

இப்போது சௌமியாவுக்குக் கோபம் வந்தது. "வெயில்ல ஓடியாந்தா இவ்வளவு ராங்கியா உனக்கு?"

"ராங்கி இல்லடி! இன்னிக்கு ஒருசந்தி. காலையில டிபன்கூட திங்கல. ஈஸ்டர் வரைக்கும் முறுக்கும் தொட மாட்டேன்!"

"ஒருசந்தியா? எங்கம்மாவும் புரட்டாசி சனிக்கிழமை இருப்பாங்களே! அப்போ நெத்தியில இருந்தது?"

"திருநீறு. சாயங்காலம் எங்கம்மாகிட்ட காட்டணும்னு வெச்சிருந்தேன்."

"அடிப்பாவி! அதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? எங்கப்பா பூசற பட்டையை நான் எப்பவாச்சும் தொடச்சிருக்கனா?"

செலினுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து வாயில் எதையும் போடவில்லை. சௌமியாவை மட்டும் கடித்துக் குதறியிருக்கிறாள். இப்போது அவளுக்குத் தன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

"நீ சோறு தின்னியா?"

"எங்க திங்கறது? நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா எனக்கு எறங்குமா?"

செலின் பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை எடுத்து சௌமியாவின் வாயில் திணித்தாள். "என் பங்கையும் நீயே தின்னு. நாம விடறதை இன்னொருத்தருக்குக் குடுக்கணுமாம், ஃபாதர் சொன்னாரு."

"உங்கம்மாகிட்ட இப்ப எதைக் காட்டுவே?" முறுக்கோடு கேட்டாள் சௌமியா.

"உன்னைத்தான். சாயங்காலம் எங்கூட வா. தொடச்ச மகராசி இவதாம்மான்னு காட்டறேன்."

சௌமியா சிரித்துக்கொண்டே 'நறுக்'கென்று கடித்தாள். செலின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சத்தம் வராமத் தின்னுடி, பாவி!"