மாதா மாதம் கசியும் தழும்பு

தம்பி துபாயிலிருந்து போன் மேல் போன் போட்டதால்தான் நன்னிலம் போனேன். அவன் மனைவி ரிஃப்காவுக்கு சிசேரியன் தழும்பில் மாதா மாதம் ரத்தம் கசிகிறதாம், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாளாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. படித்த பெண், இதென்ன பிடிவாதம்?

பழைய வீடு, பகலிலேயே இருட்டு. ஈர நெல்லும் சாம்பிராணியும் கலந்த வாடை. ரிஃப்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் சேலையை விலக்கிக் காட்டினாள். தழும்பின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கருநீலக் கட்டி. நுனியில் கறுத்த ரத்தம்.

"பால் வாடை வருது பாருங்க, மச்சி," என்றாள் நாத்தனாரான என்னிடம்.

எனக்கும் வந்தது. சொல்லவில்லை.

போன வருடம் அந்த வயிற்றிலிருந்து எடுத்த பிள்ளை அழவே இல்லை என்றார்கள். அழாமல் இறந்த பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பெயர் வைப்பதில்லை, தொழுகையும் இல்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அழுததைக் கேட்டேன், ஒரு பெயராவது வையுங்கள் என்று இவள் கெஞ்சினாள். மயக்கத்தில் உளறுகிறாள் என்றோம்.

"அதுதான் வருது. வெட்டிடாதீங்க," என்றாள் இப்போது.

இழுக்காத குறையாகத் திருவாரூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். ஆபரேஷனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு கொஞ்சம் தோலில் ஒட்டி வளர்ந்திருக்கிறது, மாதவிலக்கின்போது அதுவும் கசிகிறது, அவ்வளவுதான். அப்பாடா என்றிருந்தது. ரிஃப்கா தலையாட்டினாள்.

வெட்டியெடுத்த கட்டியை மருந்துத் தண்ணீரில் போட்டு, தஞ்சாவூர் லேபில் சேர்க்கச் சொல்லி பாட்டிலை என்னிடமே தந்தார்கள்.

"அடக்கம் பண்ணவா எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள் ரிஃப்கா. அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பாட்டிலைப் பையில் வைத்து, பர்தாவுக்குள் மடியோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல்கள். எனக்குப் பயமும் இல்லை, துக்கமும் இல்லை. கை மட்டும் மரத்திருந்தது.

நீடாமங்கலம் தாண்டியதும், பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மா என்னை முறைத்தாள்.

"பர்தாவக் கொஞ்சம் வெலக்கும்மா. புள்ள எவ்வளவு நேரமா அழுவுது."

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

முன்சீட்டுக்காரரும் திரும்பி என் மடியைப் பார்த்து விரலைச் சொடுக்கினார்.

"பேரு என்ன வச்சிருக்கீங்க?"

வாயில் வந்த பெயரைச் சொன்னேன்.

"ஆஸிம்."

"பாரு," என்றாள் மீன்காரம்மா, "நிப்பாட்டிருச்சு."