வலப்பக்கம் போகும் ஹோரோ

எங்கள் வீட்டு நடு அறைச் சுவரில் பதினொரு கல்யாணப் படங்கள் இருக்கின்றன. எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாம் இருட்டறையில் கழுவி எடுத்தவை. எங்கள் கராஜோவ் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் அது அந்தச் சுவரில் ஏற வேண்டும்.

பன்னிரண்டாவது, என் இளைய மகன் கமேனுடையது. ஆனால் படம் பிடித்தவர் எல்லாவற்றையும் கைபேசிக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டார். வரும் ஞாயிறு மருமகள் ரலிட்சாவின் பெற்றோர் முதல் விருந்துக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்ப்பார்கள். தங்கள் பெண்ணை அங்கே தேடுவார்கள்.

கடையில் அச்சிட்டு வரலாம் என்றான் கமேன். கடை இயந்திரம் துப்பும் பளபளத் தாளை என் சுவரில் மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"நான் செஞ்சு தரேன் தாத்தா," என்றாள் நெவேனா. என் பேத்தி, பத்து வயது. அவள் பள்ளியின் நிலவறையில் ஓர் இருட்டறை இருக்கிறது.

"ஃபிலிம் சுருள் இல்லாம எப்படி?"

"டேப்லெட்தான் ஃபிலிம்."

நான் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் கைகோத்து வரிசையாக ஹோரோ நடனம் ஆடும் படம். முன்னால் நான், வலக்கையில் கைக்குட்டையை வீசி வரிசையை நடத்திப் போகிறேன்.

அவள் டேப்லெட்டில் அதன் வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றினாள். என் வெள்ளை மீசை கரியாகிவிட்டது.

"இருபது வயசு கொறஞ்சுட்டீங்க," என்றாள். நான் சிரிக்கவில்லை.

ஓவிய ஆசிரியரிடம் நல்ல புகைப்படத் தாள் இரண்டுதான் மிச்சம் இருந்தது. சிவப்பு விளக்கில், திரையின்மேல் ஒரு தாளைக் கவிழ்த்து, ஒரு விநாடி ஒளி காட்டி, மருந்துத் தண்ணீரில் போட்டாளாம். தாளில் கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் முளைத்தோமாம்.

வியாழக்கிழமை படத்தைக் கொண்டுவந்தாள். உண்மையான தாள், உண்மையான கறுப்பு. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன்.

கைக்குட்டை என் இடக்கையில் இருந்தது. வரிசை முழுவதும் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ஹோரோ வலப்பக்கமாகத்தான் போகும். இடப்பக்கமாக ஆடுவது சாவு வீட்டில் மட்டும்.

"இதை மாட்டினா, கல்யாணத்தன்னிக்கே எங்க வீட்ல எழவு விழுந்துச்சுன்னு சம்பந்தி நெனைப்பாரு," என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

நெவேனாவின் முகம் சிவந்தது. ஆனால் அவள் அழவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்ததால் இடம் வலமாகிவிட்டது, திரையில் முதலிலேயே படத்தைத் திருப்பி வைத்திருக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். இன்னும் ஒரு தாள் இருந்தது. ஒன்றே ஒன்று.

படத்தை மறுபடி நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, ஞாயித்துக்கிழமை அவங்க சுவத்துல யாரைப் பாக்க வராங்க?"

"இதென்ன கேள்வி? அவங்க பொண்ணைத்தான்."

"சரி," என்று எழுந்து போனாள்.

ஞாயிறு மதியம் பாலாடைக்கட்டி வைத்த பானிட்சா அடுப்பில் மணக்க, சம்பந்திகள் வந்தார்கள். அந்த அம்மாவின் கண் நேராகச் சுவருக்குப் போனது. பன்னிரண்டாவது ஆணி வெறுமையாக இருந்தது. அவர் புன்னகை சற்றே வாடியது. நெவேனா காகிதத்தில் சுற்றிய சட்டத்தை என் கையில் வைத்தாள். எல்லோர் முன்னாலும் பிரித்தேன்.

அது நான் தேர்ந்தெடுத்த படமே இல்லை.

ஹோரோ வலப்பக்கமாகப் போனது. முன்னால் கைக்குட்டை வீசியவள் ரலிட்சா, வாய்விட்டுச் சிரித்தபடி. நான் வரிசையின் வாலில் இருந்தேன். தொப்பி ஒரு காதில் தொங்கியது.

"உங்க படத்துல உங்க கைக்குட்டை ரலிட்சா சித்தி மூஞ்சிய மறைச்சிருந்துச்சு தாத்தா," என்று என் காதில் சொன்னாள் நெவேனா. "மூக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் சம்பந்தி அம்மா சட்டத்தை வாங்கி, கண்ணாடிமேல் மகளின் முகத்தை விரலால் தொட்டார். "எம் பொண்ணை முன்னால விட்டீங்களே, சம்பந்தி," என்றார்.

"கராஜோவ் வீட்ல மருமகதான் முன்னால," என்றேன். அன்றுவரை அப்படி ஒரு வழக்கம் இல்லை. அன்றிலிருந்து உண்டு.

நானே படத்தை ஆணியில் மாட்டினேன், கோணல் இல்லாமல்.

இடவலம் மாறிப்போன அந்தப் படத்தை மறுநாள் குப்பையில் தேடினேன். கிடைக்கவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் அது ஒட்டப்பட்டிருந்தது. யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை.

தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அதைப் பார்க்கிறேன். அங்கே ஹோரோ வலப்பக்கமாகத்தான் போகிறது. முன்னால் நான்தான்.