ஒன்பதாம் வீட்டுக்கு மேலே யாருமில்லை

"ஆ... ஆ... ஆ...!"

காலை பத்தரை மணிக்கு எட்டாம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து கிளம்பிய அலறல், மலைச்சரிவின் ஒன்பது வீடுகளையும் ஒரே நேரத்தில் உலுக்கியது!

ஐந்தாம் வீட்டில் பால் பொங்கி வழிந்தது. மூன்றாம் வீட்டில் ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் பாதி மீசையை இழந்தார்.

எல்லோரும் ஓடினார்கள்... மேல்நோக்கி!

அந்தத் தெருவில் ஓடுவது லேசுப்பட்ட காரியமில்லை. அப்படியொரு ஏற்றம். ஓடியவர்கள் பாதி வழியில் நடந்தார்கள். நடந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் பார்த்தது...

வெயிலில் காயப்போட்டிருந்த மெத்தை. மெத்தையின் மேல் குப்புறக் கிடந்த ஹெச்.எம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வயது அறுபத்தெட்டு. தலையில் ரத்தம். பக்கத்துச் சிமெண்ட் தொட்டியின் விளிம்பிலும் ரத்தம்!

"மாமா! கண்ணைத் திறங்க மாமா!"

அலறியது அவருடைய மருமகள். பிசியோதெரபிஸ்ட்.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. மகன் ஆபீஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். மருமகளும் ஆம்புலன்ஸில் ஏறப் போனாள்.

ஒரு லத்தி குறுக்கே நீண்டது.

"நீங்க இருங்கம்மா."

இன்ஸ்பெக்டர்!

"சார், மாமாகூட நான் போகணும்..."

"போகலாம். வீட்ல வேற யார் இருந்தா?"

"நானும் மாமாவும்தான். வெயில்ல கொஞ்சம் நிக்கறேன்னு வெளிப்படியில மேல போனார். நான் கீழ தரை துடைச்சிட்டிருந்தேன். தொம்முன்னு ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தா..."

"நேத்து உங்களுக்கும் அவருக்கும் சண்டையாமே?"

அவள் முகம் வெளுத்தது. மறுத்துப் பயனில்லை. அந்தச் சரிவில் ஒரு வீட்டில் தும்மினால் மற்ற எட்டு வீட்டிலும் கேட்கும்.

"ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு கத்தினீங்களாம்?"

"கத்தினேன் சார்... மொட்டைமாடிக்கு ஷீட் போடலாம்னேன். மாமா வேணாம்னார். அதான் சண்டை."

"ஷீட்டுக்கா?"

"மேல பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். மொட்டைமாடிச் சுவரை ஒட்டி, ஒன்றரை ஆள் உயரத்தில் ஒன்பதாம் வீட்டு வராந்தா. அங்கே நின்றால் எட்டாம் வீட்டுக் கொடியில் காயும் துணிகளை எண்ணிவிடலாம்!

தெருவின் அமைப்பே அதுதான். கீழ் வீட்டுத் தலைமேல் மேல் வீட்டின் கால். எட்டு ஏழைப் பார்க்கும், ஏழு ஆறைப் பார்க்கும். ஒன்பது எல்லாரையும் பார்க்கும். ஒன்பதைப் பார்க்க யாருமில்லை.

"அங்க இருக்கற அக்கா இருபத்துநாலு மணி நேரமும் எங்களையே பார்க்கறாங்க சார். தெருவுல அவங்க பேரே சி.சி.டி.வி. அக்கா!"

இன்ஸ்பெக்டர் யோசித்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். பளபள சட்டை, இரண்டு செல்போன். ஆறாம் வீட்டு ரியல் எஸ்டேட் புரோக்கர்.

"சார்... சொல்லக் கூடாதுன்னுதான் நினைச்சேன். மனசு கேட்கல. நான் பார்த்தேன் சார்!"

"என்ன பார்த்தீங்க?"

"எங்க வீட்டு பால்கனியில நின்னு காபி குடிச்சிட்டிருந்தேன். இந்தம்மா பெரியவரைப் பிடிச்சு ஒரே தள்ளு! தொட்டியில தலை மோதி விழுந்தார்!"

"பொய்! கடவுளே, இது பொய்!"

மருமகள் சரிந்து உட்கார்ந்தாள். கூட்டம் 'உச்' கொட்டியது. நேற்றுவரை அவளிடம் ஓசியில் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட அதே கூட்டம்!

"ஜீப்ல ஏறுங்கம்மா."

"நான் எதுவுமே பண்ணல சார்! மாமா கண்ணைத் திறந்தா அவரே சொல்வார்!"

"திறக்கலேன்னா?"

அவளுக்கு அழுகைதான் வந்தது.

அப்போது...

"நிழுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பக்கக் கன்னம் உப்பி, வாயில் பஞ்சு அடைத்து, மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார் சி.சி.டி.வி. அக்கா! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் அடுத்தவர் பேச்சைக் கேட்டு ரிட்டயர் ஆனவர். பல் பிடுங்கிக்கொண்டு வருகிறார்.

நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பதிமூணு வருஷமா ஒருநாள் விடாம பார்த்தேன் சார்! ஒருத்தர் ஒரு செருப்பைத் தொலைச்சதுகூட கிடையாது. இன்னிக்கு ஒருநாள் பல்லு பிடுங்கப் போனேன்... இன்னிக்குப் பார்த்து நடக்கணுமா?"

நிஜமாகவே கண் கலங்கினார். அவர் கவலை அவருக்கு.

"சாட்சி இருக்கும்மா. இவர் பால்கனியிலேருந்து பார்த்திருக்கார்."

"எவன்? இவனா?"

பஞ்சு பறந்தது!

"எந்த பால்கனி சார்? இங்க எல்லா வீட்டு பால்கனியும் பள்ளத்தைப் பார்த்துத்தான் இருக்கும். இவன் பால்கனியில நின்னா அஞ்சு வீட்டு தண்ணி டேங்க்தான் தெரியும். எட்டாம் வீடு இவன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. இவனுக்கு என்ன, பிடரியில கண்ணா?"

கூட்டம் மொத்தமும் புரோக்கர் பக்கம் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் நேராக ஆறாம் வீட்டுக்கு இறங்கினார். பால்கனியில் நின்றார். முன்னால் ஐந்து தண்ணீர் டேங்க். திரும்பினார். வீட்டுச் சுவர். அதற்குப் பின்னால் ஏழாம் வீட்டைத் தாங்கும் கருங்கல் சுவர். எட்டாம் வீட்டின் ஓர் ஓட்டைச் செங்கல்கூடத் தெரியவில்லை!

"என்னய்யா இது?"

புரோக்கருக்கு வியர்த்துக் கொட்டியது. வருகிற கஸ்டமரிடமெல்லாம் 'பால்கனியில நின்னா எல்லாமே தெரியும் சார்' என்று சொல்லிச் சொல்லி, வாய்க்கு அதுவே பழகிவிட்டது. போலீஸிடமும் அதையே விற்றுவிட்டார்!

லத்தி ஒருமுறை தரையில் தட்டியது. புரோக்கர் பொலபொலவென்று உதிர்ந்தார்.

"சொல்லிடறேன் சார்! அக்கா டவுனுக்குப் போனதைப் பார்த்து, ஒரு கஸ்டமரைக் கூட்டிட்டு அவங்க வராந்தாவுக்குப் போனேன். வியூ காட்டறதுக்கு!"

"என் வீட்டையா? நான் எப்படா விக்கறேன்னு சொன்னேன்?"

"கஸ்டமரைப் பிடிச்சிட்டு அப்புறம் உங்ககிட்ட பேசலாம்னு இருந்தேன்க்கா... நான் போன் பேசிட்டிருந்தப்ப தொம்முன்னு சத்தம். பெரியவர் கீழ கிடந்தார். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே பிடிப்பீங்க... பயந்துபோய் இந்தம்மா மேல பழியைப் போட்டுட்டேன் சார்!"

"அந்த கஸ்டமர் யாரு?"

"அது... வேணாம் சார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"அப்ப அந்தாள்தான் மேலேருந்து குதிச்சுத் தாக்கியிருக்கான்! எங்கய்யா ஓடினான்?"

"எங்கயும் ஓடல சார்..."

மருமகளின் செல்போன் அலறியது. ஆஸ்பத்திரியிலிருந்து கணவன்!

"அப்பா கண்ணைத் திறந்துட்டார்! உன்கூடத்தான் பேசணுமாம்!"

இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்களைத் தள்ளினது யாரு?"

"யாரும் தள்ளல. நானேதான் விழுந்தேன்."

"எங்கிருந்து?"

"மேலேருந்து. ஒன்பதாம் வீட்டு வராந்தாவுலேருந்து! அந்த கஸ்டமரே நான்தான்யா!"

ஒன்பது வீடும் வாயைப் பிளந்தது.

"ஷீட் போட்டா வெயில் போயிடும். போடாட்டி மருமக போயிடும். யோசிச்சேன். மேல் வீட்டையே வாங்கிட்டா ரெண்டு தொல்லையும் தீர்ந்துதேன்னு வியூ பார்க்கப் போனேன். அங்க குஷன் போட்ட ஒரு நாற்காலி, ஒரு பைனாகுலர், ஒரு தடி நோட்டு. நோட்டுல எட்டாம் வீட்டுக்குன்னு நாப்பது பக்கம்! அப்படி என்னதான் தெரியுதுன்னு பைனாகுலரோட எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் அதிகமா எட்டிட்டேன்."

"மாமா!" மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்காகவா இந்த வயசுல ஏறிக் குதிச்சீங்க?"

"குதிக்கலம்மா, விழுந்தேன். நீ காயப்போட்ட மெத்தைதான் காப்பாத்துச்சு. சீக்கிரம் வா. இங்க உன் புருஷன் தலையணையைக்கூட கோணலா வைக்கிறான்."

அவள் ஓடினாள். இறக்கம் என்பதால் வேகமாகவே ஓடினாள்.

பொய்சாட்சி சொன்ன புரோக்கர் ஜீப்பில் ஏற்றப்பட்டார். இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கிக்கொண்டு சி.சி.டி.வி. அக்காவிடம் திரும்பினார்.

"அடுத்தவங்க வீட்டை பைனாகுலர் வெச்சு வேவு பார்க்கறதும் குற்றம்தாம்மா. அந்த நோட்டை எடுங்க."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார்," என்றார் அக்கா, உப்பிய கன்னத்தைத் தடவியபடி. "மொத்தம் ஒன்பது பாகம். எட்டு பாகம் இந்த எட்டு வீடு."

"ஒன்பதாவது?"

"மலையடிவாரத்துல உங்க ஸ்டேஷன்! மதியம் ரெண்டு மணிக்கு மேல யார் யார் எந்த பெஞ்சுல படுக்கறாங்கன்னு படமே போட்டு வெச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டரின் மீசை தானாகவே இறங்கியது.

"நோட்டு... உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

"பயப்படாதீங்க சார். உங்க குறட்டைச் சத்தம் மட்டும் இன்னும் மேல வரைக்கும் எட்டல!"