நான்காவது வரிசை

கிருமி எதுவும் தடவாத ஆய்வுத் தட்டில் வெள்ளைக் கோடுகள் முளைத்திருந்தன.

மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவென்று வெறுமனே மூடி வைத்த தட்டு அது. வெயிலே படாத குகையில், கொதிக்கும் ஊற்றோரம் தோண்டிய மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியா மற்ற தட்டுகளில் வளர்ந்திருந்தது, சரி. இதில் எப்படி? மூன்று வரிசைக் கோடுகள், இடப்பக்கம் சாய்ந்து, முனையில் சுழித்து. அந்தப் பரிசோதனைக்கூடத்தில் கிருமி தடவும் கம்பியைத் தட்டில் அப்படி இழுக்கும் கை அவளுடையது மட்டும்தான். அவள் இதைத் தொடவே இல்லை.

வழக்கமாக நான்கு வரிசை இழுப்பார்கள். நான்காவதில்தான் கிருமி தனித்தனியாகப் பிரிந்து முழுசாக வளரும்.

இயக்குநரிடம் காட்டினாள். கிருமி வெளியே பரவாமல் காற்றை உறிஞ்சும் பெட்டி பழுது என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தவள் அவள். அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டு முறையும் தள்ளிப்போட்டவர் அவர்.

“நீதான் ஞாபகமில்லாம இழுத்திருப்ப,” என்றார், தலையைத் தூக்காமலே. “புது இனம்மா. சந்தோஷப்படு.”

கிருமிக்குத் தன் பெயரையே வைக்கப்போகிறாராம். அதை மூச்சில் இழுத்தது மட்டும் இவள். நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று முறை சோப்புப் போட்டும் வெதுவெதுப்பான மண்வாடை பஸ் முழுக்கக் கையோடு வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து மகளை அழைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வாடை அவளுக்கு முன்பே உள்ளே இருந்தது.

குளிப்பாட்ட மகளின் சட்டையைக் கழற்றினாள்.

முதுகில் வெள்ளைக் கோடுகள். மூன்று வரிசை. இடப்பக்கம் சாய்ந்து. முனையில் சுழித்து.

தேய்த்தாள். போகவில்லை. தோலுக்கு அடியில் இருந்தன.

“யாருடி இத போட்டா?”

“நீதாம்மா. நான் தூங்குறப்ப வந்து போடுவியே.” மகள் கொட்டாவி விட்டாள். வாயிலிருந்து அதே வாடை. “இன்னும் ஒரு வரிசை பாக்கி.”

இயக்குநர் மேல் ஆத்திரம். வாயை மூடிக்கொண்டு வந்த தன் மேல் அதைவிட. மகளைத் தன்னிடமிருந்து தள்ளிவிடக் கையை நீட்டினாள்.

கை தள்ளவில்லை. ஆட்காட்டி விரல் மடங்கியது. நகம் முதுகில் பதிந்தது. இடப்பக்கம் சாய்ந்தது.

“கூசுதும்மா,” என்று மகள் சிரித்தாள்.