எர்த் இல்லாத பிளக்

கொட்டகையில் மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடப் புது பாயிண்ட் வைக்க எலக்ட்ரீஷியன் வந்தபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை. கணவர் போன பிறகு அவள் அந்தக் கதவை அன்றுதான் திறந்தாள். ஈரச் சிமெண்டோடு கருகிய ரப்பர் வாடையும் வந்தது.

அவள் கணவர் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர். சார்ஜர் பிளக் பழைய இரண்டு துளைப் பாயிண்டில் நுழையவில்லை என்று எர்த் பின்னை உடைத்துச் செருகினார். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று சார்ஜர் பெட்டியைப் பிடித்தார். பிடித்த கை விடவே இல்லை.

"உள்ளங்கையால தொட்டா அப்படித்தான்க்கா, கை மடங்கி இறுக்கிக்கும். அதான் நாங்க புறங்கையால தொட்டுப் பார்ப்போம்" என்றார் எலக்ட்ரீஷியன். தனி ஒயர் இழுத்து, எர்த் கொடுத்து, புது பிரேக்கரும் மாட்டினார். "ஆள் மேல கரண்ட் பாஞ்சா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இது விழுந்து கரண்டை நிறுத்திடும். தைரியமா சார்ஜ் போடுங்க."

விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கே போய்விட வேண்டும். ஈ காக்கை எட்டிப் பார்க்காத இந்த வீட்டில் இன்னொரு மழைக்காலத்தை அவளால் தாங்க முடியாது.

எலக்ட்ரீஷியன் பிரேக்கரைத் தூக்கினார்.

டக். விழுந்தது.

மறுபடி தூக்கினார். டக்.

"இன்னும் காரையே மாட்டலையே..." மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. அவர் குரல் இறங்கியது. "அக்கா, போற கரண்ட் முழுசா திரும்பி வரல."

"அப்படின்னா?"

"யாரோ தொட்டுக்கிட்டு நிக்கணும்."

காலையில் வருகிறேன் என்று பையைத் தூக்கியவர், தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. அவள் காரில் ஒயரை மாட்டினாள்.

"விட்டுடுங்க" என்றாள் மெதுவாக. "நான் போகணும்."

பிரேக்கரைத் தூக்கினாள். விழவில்லை. காரில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்றிருந்தது. கூடவே அழுகையும் வந்தது.

அப்போது அவள் புறங்கையில் ஏதோ பட்டது.

ஈரமாக. தொட்டுச் சோதிப்பதுபோல.

இன்னொரு புறங்கை.

அது மெல்லத் திரும்பியது. உள்ளங்கையாகி, மடங்கி, இறுகியது.

உதறியிருக்கலாம். ஆனால் அவர் போன நாளிலிருந்து அவள் கையை யாரும் தொட்டதில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நின்றுவிட்டாள்.

விடிந்தபோது கார் முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தது. அவள் கைதான் இன்னும் விடுபடவில்லை.