முதல் கதவில் நிற்பவர்

வாசலில் ஒரு ஈ காக்கை இல்லாத விடுமுறை மதியத்தில், அந்தப் பழைய யுனிக்ஸ் கணினியில் கதவு புரோகிராம் மறுபடியும் விழுந்தது. வாசல், கூடம், ஓய்வறை என்று கட்டடத்தின் மூன்று கதவுகளும் அதன் பொறுப்பு. அது விழுந்தால் எந்தக் கதவும் திறக்காது. எழுதியவள் அவள், ஆகவே லீவு நாளில் வந்து மாரடிப்பதும் அவள்தான். வீட்டில் ஆளில்லாததால், அது ஓடிக்கொண்டிருந்த காலையிலேயே மகளையும் கூட்டிவந்து, கூடத்தை ஒட்டிய ஓய்வறை சோபாவில் தூங்கவைத்திருந்தாள்.

விழும்போதெல்லாம் புரோகிராம் தன் கடைசி நொடியை ஒரு ஃபைலில் விட்டுவிட்டுப் போகும். திறந்து பார்த்தாள். எப்போதும் முதல் கதவுதான். வாசலில் ஒருவர் நிற்பதாக சென்சார் சொல்கிறது. அது யார் என்று பார்க்கப் போன புரோகிராம், ஒன்றுமே இல்லாத இடத்தில் கைவைத்துச் செத்துவிடுகிறது. முன்பின் தெரியாதவருக்குக்கூட ‘அந்நியர்’ என்று ஒரு பதிவு உண்டாகும். இங்கே நிற்பதற்கு அதுவும் இல்லை. வாசல் கேமராவில் வெயிலும் கால்மிதியும் மட்டும் தெரிந்தன. மிதியில் இரண்டு இடம் அழுந்தியிருந்தது.

மேனேஜருக்குப் போன் போட்டாள்.

“காரணமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. இப்போதைக்கு அது விழாம இருந்தா போதும்.”

“சென்சார் கோளாறுதான் சார். ஒரு வரி சேத்துடறேன்.”

பதிவு இல்லையென்றால் ‘யார் அது’ என்ற சோதனையைத் தாண்டிப் போ. அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற ஒட்டுவேலைதான். ஓடவிட்டாள். விழவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

திரையில் ஒரு வரி வந்தது. முதல் கதவு திறந்தது. மூடியது.

அவளுக்குப் பகீரென்றது. ‘திறக்காதே’ என்று சொல்வதே அந்தச் சோதனைதான். இத்தனை நாளும் புரோகிராம் செத்துச் செத்துத்தான் அந்த வாசலை மூடிவைத்திருந்தது.

இரண்டாம் கதவு. அவள் இருந்த கூடத்தின் கதவு. அவள் முதுகுக்குப் பின்னால் அது நிதானமாகத் திறந்து, நிதானமாக மூடிக்கொள்ள, கணினி விசிறியின் இரைச்சலுக்கு அடியில் ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் வந்தது. வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த பீரோவின் வாடை அவள் தோளை உரசிக்கொண்டு போனது. திரும்பினாள். யாருமில்லை.

மூன்றாம் கதவு திறந்தது.

பதறிப்போய் புரோகிராமை நிறுத்தினாள். அதற்குள் கதவு மூடிவிட்டது. இனி அது திறக்காது.

அவள் வெளியே. குழந்தை உள்ளே.

ஓடினாள். கதவை அறைந்தாள். “குட்டி! அம்மா வந்துட்டேன்டா!”

கதவின் சிறு கண்ணாடி வழியே, சோபாவருகே நிற்கும் மகள் தெரிந்தாள். தூக்கக் கலக்கம். ஒரு கை மட்டும் தலைக்கு மேலே, யாரோ பிடித்திருப்பதுபோல.

“அம்மா, இவங்க கை ஜில்லுனு இருக்கும்மா.”

“விடு! கையை விடுடா!”

“நான் பிடிக்கலம்மா.”

குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. பிறகு கால்விரல்களும்.